நீர்க்கோட்டுக்குக் கீழே

இங்கிலாந்தின் கால்வாய்க் கரையில் விற்பனைக்கு நிற்கும் நாரோபோட் என்ற ஒடுங்கிய படகு ஒன்றில் ஏறினால், கதவில் தீட்டிய ரோஜாப்பூக்களும் கோட்டைகளும்தான் முதலில் கண்ணைப் பறிக்கும். உள்ளே போனால் தேய்த்து மினுக்கிய பித்தளை, மூலையில் விறகடுப்பு, ஓக் மரச் சுவர், கச்சிதமான சமையலறை. விற்பவர் இவற்றைக் காட்டுவார், வாங்குபவரும் இவற்றைப் பார்த்தே மனதுக்குள் விலை போடுவார். இந்த அத்தியாயம் அந்தப் பழக்கத்துக்கு எதிரானது. நாரோபோட் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது தண்ணீருக்குள் மறைந்திருக்கும் எஃகுத் தகட்டை. பணமானாலும் கவனமானாலும் முதல் பங்கு நீர்க்கோட்டுக்குக் கீழே போக வேண்டும். அடுப்பும் அலமாரியும் வண்ணமும் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும். பார்க்க முடியாததற்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வராது. அதனாலேயே இதற்கு ஒரு முழு அத்தியாயம் தேவைப்படுகிறது.

காரணம் படகின் அமைப்பிலேயே இருக்கிறது. பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி வகுத்த கால்வாய்களில், படகை ஏற்றி இறக்கும் லாக்குகள் ஏறக்குறைய 7 அடி அகலத்தில் கட்டப்பட்டன. 1777இல் முழுமையடைந்த டிரென்ட் அண்ட் மெர்சி கால்வாயின் குறுகிய லாக்குகள் இன்றைக்கும் அந்த அளவில்தான் இருக்கின்றன. அவற்றில் நுழைய வேண்டுமானால் படகு 6 அடி 10 அங்குலத்துக்கு மேல் அகலமாக இருக்க முடியாது. அகலத்தில் கிடைக்காத இடத்தை நீளத்தில்தான் எடுக்க வேண்டும் என்பதால் 70 அடிவரை நீண்ட படகுகள் வந்தன. நாட்டின் பெரும்பாலான கால்வாய்களில் தடையின்றிப் போக விரும்புகிறவர்கள் 57 அடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இப்படி ஒடுங்கி நீண்ட எஃகுப் பெட்டியின் அடியில் நடைபாதைக் கற்களையோ கனமான செங்கற்களையோ பரப்பி எடை ஏற்றி, அதன்மேல் தரை போட்டு, தரைமேல் வீடு கட்டுகிறார்கள். விளம்பரங்களில் 10/6/4 என்று ஓர் எண்வரிசை வரும். அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6, மேல்கூடு 4 என்று அதற்குப் பொருள். பழைய படகுகளில் அடித்தகடே 6 மில்லிமீட்டராக இருப்பதும் உண்டு. அடுப்பு கெட்டால் படகைக் கட்டி நிறுத்திய இடத்திலேயே வேறு வைக்கலாம். என்ஜினைக்கூட தண்ணீரில் மிதக்கும்போதே கழற்றி மாற்றலாம். அந்த 6 மில்லிமீட்டரை மட்டும் படகைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்காமல் தொடவே முடியாது. எடுத்த பிறகும், போன எஃகு திரும்ப வராது, ஒட்டுப்போடலாம், அவ்வளவே.

எஃகு எப்படிப் போகிறது என்று தெரிந்தால்தான் எங்கே பார்ப்பது என்று தெரியும். துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் சேர வேண்டும். இரண்டும் தாராளமாகக் கிடைப்பது காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில். அதனால் நீர்க்கோட்டை ஒட்டி மேலும் கீழுமாக ஒரு சாண் அகலப் பட்டைதான் படகின் முதல் பலவீனம். லாக் சுவரில் உரசுவதும், கரையில் மோதுவதும், குளிர்காலத்தில் மெல்லிய பனிப்பாளத்தை உடைத்துக்கொண்டு போகும்போது அது கத்திபோல் பூச்சைச் சீவுவதும் அதே பட்டையில்தான். ஆனால் எஃகு தகடு முழுக்கச் சமமாகத் தேய்வதில்லை, குழி விழுகிறது. ஆலையில் உருட்டிய தகட்டின் மேல் கருநீல ஓடுபோல் ஒரு படலம் இருக்கும். அதைச் சுரண்டாமல் பூச்சடித்த படகில், படலம் விரிசல் விட்ட இடங்களில் மட்டும் துரு ஆழமாக இறங்கும். சுற்றிலும் உள்ள எஃகு புதிதாகவே இருக்கும். படகின் மேல்பக்கத்தில் செதில் செதிலாக உரியும் துருவைக் கண்டு பயப்படுகிறார்கள். துரு, தான் தின்ற எஃகைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். பெரிய செதிலுக்குப் பின்னால் சிறிய இழப்பே இருக்கலாம். பயப்பட வேண்டியது சத்தமில்லாத குழிக்கு.

அதை ஒருமுறை அருகில் பார்த்துவிட்டால் மறக்காது. உலர்துறையில் தண்ணீர் வடிந்து, உயர் அழுத்த நீரால் பாசியையும் சிப்பிகளையும் அடித்துத் தள்ளிய பிறகு, பழைய கறுப்புப் பூச்சின்மேல் ஆங்காங்கே ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள் தெரியலாம். ஒவ்வொன்றும் ஒரு சின்ன நாணயத்தின் அளவு இருக்கும். சுரண்டியின் முனையால் தட்டினால் ஓடுபோல் உடையும். உள்ளே கறுப்பாகக் கூழ், அழுகிய முட்டையின் நாற்றம். துணியால் துடைத்தால் அடியில் பளபளவென்று வெள்ளிபோல் மின்னும் ஒரு பள்ளம். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சல்பேட்டை உண்டு வாழும் பாக்டீரியாவின் வேலை அது. அடியில் உலோகம் பளிச்சென்று இருப்பதால் சுத்தமாகிவிட்டது என்று எண்ணி மேலேயே பூசிவிடுவது பெரிய தவறு. மிச்சமிருக்கும் பாக்டீரியாவைக் காற்றுப் புகாத அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வருவதற்குச் சமம் அது. குழியை நல்ல தண்ணீரால் அழுத்தமாகக் கழுவி, உலோகம்வரை சுத்தம் செய்து, ஆழத்தை அளந்து குறித்துக்கொண்ட பிறகுதான் பூச்சைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பூச்சு என்றால் கால்வாயில் பிளாக்கிங் என்பார்கள். பிட்டுமன் கலந்த கறுப்புப் பூச்சு அது, 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும். மலிவானது, சொந்தமாகவே அடிக்கலாம், பழைய பூச்சின் மேலேயே நிற்கும். நீர்க்கோட்டிலும், பக்கவாட்டில் உரசல் தாங்கும் கம்பிகளிலும் ஒரு பூச்சு கூடுதலாக அடிக்க வேண்டும். பிட்டுமனுக்கு ஒரு பகை டீசல். மேற்பரப்பில் எண்ணெய் மிதக்கும் இடத்தில் நாள்கணக்கில் கட்டி வைத்தால், பூச்சு மிகவும் தேவைப்படும் அந்தப் பட்டையிலேயே இளகிவிடும். இதைவிட உறுதியானது இரண்டு கலவை எபாக்சி. நன்றாகப் பூசினால் 5 ஆண்டுக்கு மேலும் தாங்கும். ‘ஒரேயடியாக எபாக்சி அடித்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே’ என்று கேட்பவர்கள் உண்டு. எபாக்சி பிட்டுமன்மேல் ஒட்டாது. மணல்வீச்சு அடித்து வெற்று எஃகுவரை கொண்டுவந்தால்தான் பிடிக்கும். குளிரிலும் ஈரக்காற்றிலும் சரியாக இறுகாது. இங்கிலாந்தில் அந்த இரண்டும் இல்லாத வாரத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும். மேலும், பூச்சு நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் 6, 7 ஆண்டுகள் படகை வெளியே எடுக்காமலே விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. இந்நூலின் பரிந்துரை இது: புதுப் படகுக்கும், எப்படியும் மணல்வீச்சு அடிக்கப்போகும் படகுக்கும் எபாக்சி. பல அடுக்குப் பிட்டுமன் ஏறிய பழைய படகுக்கு, காலம் தவறாத பிட்டுமனே போதும். எந்தப் பூச்சானாலும் 3 ஆண்டுக்குமேல் அடிப்பகுதியைப் பார்க்காமல் விடாதீர்கள்.

பூச்சு உரிந்த இடத்தைக் காக்க, எஃகுக்குப் பதிலாகத் தாங்களே கரைந்துபோகும் உலோகக் கட்டிகளை உடலில் பற்றவைத்திருப்பார்கள். அனோடு என்று பெயர். நல்ல தண்ணீருக்கு மக்னீசியம்தான் வேண்டும்; கடலுக்கு ஏற்ற துத்தநாகம் இங்கே மேலே ஓடு படிந்து வேலை செய்யாமல் நின்றுவிடும். அனோடு இருக்கிறதே என்று நிம்மதி அடைவதும் சரியல்ல. கால்வாய் நீரில் மின்சாரம் எளிதாக ஓடாததால் ஒவ்வொரு கட்டியும் தன்னைச் சுற்றிச் சில மீட்டர் தூரத்தைத்தான் காக்கும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கோடு நிறுத்திய நீளப் படகின் நடுப்பகுதிக்குக் காவலே கிடையாது. ஏழெட்டு ஆண்டுக்குப் பிறகும் அனோடு கரையாமல் அப்படியே இருந்தால் மகிழாதீர்கள். அது வேலையே செய்யவில்லை என்று பொருளாக இருக்கலாம்.

இதைவிட வேகமாக எஃகைத் தின்னக்கூடியது கரைமின்சாரம். மரினாவில் கம்பியைச் சொருகியதும் அதிலுள்ள எர்த் இணைப்பு உங்கள் படகின் எஃகைப் பக்கத்துப் படகோடும், கரையை முட்டுக்கொடுத்து நிற்கும் இரும்புத் தகடுகளோடும் ஒரே கம்பியில் கோத்துவிடுகிறது. நடுவில் தண்ணீர் இருக்கிறது. வெவ்வேறு உலோகங்கள், ஒரு கம்பி, ஒரு திரவம் என்று பேட்டரிக்கு வேண்டிய எல்லாமே கூடிவிட்டன. இந்தப் பேட்டரியில் கரைவது உங்கள் அனோடு. அது தீர்ந்ததும் உங்கள் தகடு. பக்கத்துப் படகுக்காரர் அனோடு மாற்றாமல் விட்டால், அவருடைய படகைக் காக்கும் வேலையையும் உங்கள் மக்னீசியமே செய்யும். இதற்குக் கால்வனிக் ஐசோலேட்டர் என்ற சிறு கருவி போதுமான தடுப்பு. பழுதின்போது பாயும் மின்சாரத்தை விட்டுவிட்டு, அரிப்பை உண்டாக்கும் சின்ன மின்னழுத்தத்தை மட்டும் நிறுத்தும். ஆண்டு முழுக்கக் கரைமின்சாரத்திலேயே இருப்பவர்கள் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்குச் செலவழிக்கலாம். எடையும் விலையும் அதிகம், ஆனால் கரைக்கும் படகுக்கும் இடையிலான உலோகத் தொடர்பை முழுவதுமாக அறுத்துவிடும். அரிப்பைத் தடுக்கிறேன் என்று எர்த் கம்பியைத் துண்டிப்பதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பழுது வந்த நாளில் அந்தப் படகைத் தொட்டவர் உயிர் போகும்.

இதுவரை சொன்னது வெளிப்பக்கம். தகட்டுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. குளியலறைக் குழாயின் கசிவு, சன்னலில் கோத்து வழியும் ஈரம், அடுப்புப் புகைக்குழாய் கூரையைத் துளைக்கும் இடத்தில் இறங்கும் மழை எல்லாமே தரைக்கு அடியில் போய், எடைக்கல்லுக்கும் அடித்தகட்டுக்கும் இடையே தேங்குகின்றன. அங்கே காற்றோட்டம் கிடையாது, யாரும் எட்டிப்பார்ப்பதும் இல்லை. படகு பின்பக்கம் சற்றே தாழ்ந்து மிதக்கும் என்பதால் நீர் அங்கேதான் சேரும். தரையின் கடைக்கோடியில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், ஒரு சிறு மூடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வேலையாக ஒன்றை வெட்டுங்கள். மாதம் ஒருமுறை அதைத் திறந்து, சமையலறைக் காகிதத் துண்டைக் கையில் சுற்றி அடித்தகட்டைத் துடைத்துப் பாருங்கள். காகிதம் உலர்ந்து வந்தால் நல்லது. நனைந்து வந்தால், எங்கிருந்து என்று கண்டுபிடிக்கும்வரை வேறு எந்த அலங்கார வேலையையும் தொடாதீர்கள். பல படகுகளில் குடிதண்ணீர்த் தொட்டி தனியாக வைத்த பாத்திரம் அல்ல. மூக்குப் பகுதியின் எஃகையே சுவராகக் கொண்ட அறை அது. வெளியே எவ்வளவு பிளாக்கிங் அடித்தாலும் உள்ளிருந்து அந்தச் சுவர் தேயலாம். சில ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, துருவைச் சுரண்டி, குடிநீருக்கு உகந்த பெயின்ட் அடிக்க வேண்டும். சுகமான வேலை இல்லை. தொட்டிக்குள் குனிந்து நுழைவதே பெரும்பாடு. காற்றோட்டம் ஏற்படுத்தாமலும் வெளியே ஆள் இல்லாமலும் உள்ளே இறங்கக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு வரும். 1930களில் கிராண்ட் யூனியன் கனால் கேரியிங் கம்பெனிக்காக யார்வுட் பட்டறையும் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் நிறுவனமும் கட்டிக்கொடுத்த சரக்குப் படகுகள் இன்றும் மிதக்கின்றனவே, அப்படியிருக்க 20, 30 ஆண்டுப் படகுக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். மிதப்பது உண்மைதான். ஆனால் அவற்றில் பலவற்றின் அடிப்பகுதி அன்றைக்கு இருந்த அடிப்பகுதி அல்ல. எல்ம் மரப் பலகைகளால் ஆன அடிப்பாகத்தை எடுத்துவிட்டு எஃகு போட்டிருப்பார்கள். பக்கங்களிலும் தகடுகள் மாறியிருக்கும். உழைத்த காலத்தில் அவை நிறுவனத்துப் படகுகளாக இருந்து, முறைப்படி துறைக்கு வந்து பழுது பார்க்கப்பட்டவை. அவை மிதப்பது எஃகின் ஆயுளைக் காட்டவில்லை. அடிப்பகுதியைத் தொடர்ந்து பார்த்து மாற்றி வந்தவர்களின் கவனத்தைக் காட்டுகிறது. கவனிக்காமல் விட்டவை மிதக்கவில்லை, ஆகவே நம் கண்ணில் படவும் இல்லை.

அடுத்த மறுப்பு சான்றிதழ் பற்றியது. படகு பாதுகாப்புத் திட்டத்தின் சான்று இல்லாமல் கால்வாய் உரிமமே கிடைக்காது, பிறகென்ன என்பார்கள். 4 ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் அந்தச் சான்று நெருப்பு, வெடிப்பு, மாசு ஆகிய ஆபத்துகளுக்காக ஏற்பட்டது. எரிவாயுக் குழாய், டீசல் தொட்டி, மின்கம்பி, காற்றுவாரி, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இவற்றைத்தான் அது பார்க்கும். அடித்தகட்டில் எவ்வளவு எஃகு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பது அதன் வேலையே அல்ல. படகு தண்ணீரில் மிதக்கும்போதே அந்தச் சோதனையை முடித்துவிடலாம் என்பதே போதிய சாட்சி. காப்பீடும் அப்படித்தான். உரிமத்துக்கு வேண்டியது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். படகையும் சேர்த்து முழுக் காப்பீடு எடுத்திருந்தாலும் படிப்படியான தேய்மானத்தையும் துருவையும் அது பொதுவாக ஏற்பதில்லை. பழைய படகானால் காப்பீட்டு நிறுவனமே தகட்டு அளவு அறிக்கை கேட்கும். பல நிறுவனங்கள் 4 மில்லிமீட்டரை எல்லையாக வைத்திருக்கின்றன. கால்வாய்களை நிர்வகிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் உரிமம் தருவது படகு கால்வாயில் இருப்பதற்கு. படகு நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கோ, அது உங்களுடையது என்பதற்கோ கூட அல்ல. விற்றவரிடம் முறையான விற்பனைச் சீட்டையும் முந்தைய கைமாறல்களின் தாள்களையும் கேட்டு வாங்குங்கள்.

ஆகவே படகு வாங்கும்போது, உள் அலங்காரத்தில் எவ்வளவு மயங்கினாலும், சர்வே அறிக்கைக்கு உட்பட்டே விலை பேசுங்கள். சர்வேயர் உங்களால் அமர்த்தப்பட்டவராக இருக்க வேண்டும், விற்பவரின் பழைய அறிக்கை உதவாது. படகைத் தண்ணீரிலிருந்து எடுத்து, பூச்சைச் சுரண்டி, அல்ட்ராசோனிக் கருவியால் வரிசை வரிசையாகத் தகட்டின் தடிமனை அளப்பார். அறிக்கையைப் படிக்கும்போது சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். கருவி காட்டுவது அது தொட்ட இடத்தின் தடிமன். குழியின் ஆழத்தை வேறு அளவியால் தனியே எடுத்துக் குறித்திருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர்த் தகட்டின் சராசரி 5.7 என்று வந்தாலும், ஒரே ஒரு குழி 2.5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் அந்தப் படகு அந்த இடத்தில் 4 மில்லிமீட்டருக்கும் கீழேதான். குழிகள் சில என்றால் பற்றவைப்பால் நிரப்பலாம். பரவலாக இருந்தால் மேலே புதுத்தகடு போர்த்தச் சொல்வார்கள். அது பல ஆயிரம் பவுண்டு விவகாரம், பணத்தோடும் முடிவதில்லை. 4 மில்லிமீட்டர் எஃகு ஒரு சதுர மீட்டருக்கு 31 கிலோ. 57 அடிப் படகின் அடிப்பகுதி ஏறக்குறைய 35 சதுர மீட்டர், நீரில் அமிழும் பக்கங்கள் 20. மொத்தம் 1,700 கிலோ கூடுகிறது. எடைக்கல்லைக் குறைக்காவிட்டால் படகு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும். முன்தளத்து மழைநீர் வடியும் துளைகளும் என்ஜின் அறையின் காற்றுவாரிகளும் அந்த அளவுக்குத் தண்ணீரை நெருங்கிவிடும். போர்த்திய படகை வாங்குவது தவறு என்று சொல்லவில்லை. யார் போர்த்தினார், எடையைச் சரிக்கட்டினாரா, துளைகள் இப்போது நீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

மூன்றாவது மறுப்பு எல்லாவற்றிலும் வலுவானது: படகுகள் மூழ்குவது துருப்பிடித்த ஓட்டையால் அல்ல, ஓட்டுபவரின் தவறால் என்பது. இதில் உண்மை நிறைய இருக்கிறது. ஆனால் எந்தத் தவறுகள் என்று பார்த்தால் அவையும் இதே கோட்டுக்குத்தான் கொண்டுவந்து விடுகின்றன. ப்ரொப்பெல்லரில் சுற்றிய கயிற்றையும் பிளாஸ்டிக்கையும் எடுக்க, பின்தளத்துக்குக் கீழே வீட் ஹேட்ச் என்ற மூடி உண்டு. அதைத் திறக்குமுன் என்ஜினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் மூடியைச் சரியாக இறுக்காமல் கிளம்பினால், நிற்கும்போது சாதுவாக இருந்த நீர் ப்ரொப்பெல்லர் சுழன்றதும் பொங்கி உள்ளே கொட்டும். ப்ரொப்பெல்லர்த் தண்டு உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் இருக்கும் ஸ்டெர்ன் கிளாண்டும் அப்படித்தான். ஓட்டி முடித்த ஒவ்வொரு மாலையும் பித்தளைக் கிரீஸ் குழலின் பிடியை, கைக்கு எதிர்ப்புத் தட்டும்வரை திருகி, சொட்டு நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் நட்டுகளை இரண்டு பக்கமும் சமமாக, மிகக் கொஞ்சமாக இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் தண்டு சூடேறும். பில்ஜ் என்ற அடிப்பள்ளத்தில் சேரும் நீரை இறைக்கத் தானாக ஓடும் பில்ஜ் பம்பு இருக்கிறதே என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கசிவு வளர்வதைப் பம்பு மறைத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் பேட்டரி தீரும், அன்றிரவு படகு அடியைத் தொடும். எஃகில் குழி விழுவதும் கிளாண்டில் சொட்டு கூடுவதும் வேறு வேறு பழுதுகள் என்று நான் எண்ணவில்லை. இரண்டும் நீர்க்கோட்டுக்குக் கீழே கண் போகாததன் விளைவு. இதிலிருந்து உண்மையாகவே விலகி நிற்பது லாக்கில் நேரும் விபத்து ஒன்றுதான். கீழ்நோக்கி இறங்கும்போது மேல்கதவின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் படியின்மேல் பின்பகுதி சிக்கிக்கொண்டால், நேற்றுக் கட்டிய படகும் நிமிடங்களில் மூக்குக் குத்தி மூழ்கும். சுவரில் தீட்டிய வெள்ளைக்கோட்டுக்கு முன்னால் படகின் பின்முனை நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். சிக்கியது தெரிந்தால் கீழ்க்கதவின் நீர்த்திறப்புகளை உடனே மூடிவிட்டு, மேலிருந்து மெதுவாக நீரை விடுங்கள்.

‘முதல் பங்கு கீழே’ என்ற விதிக்கு ஒரே ஒரு விலக்கைத் தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன். எரிவாயுவும் கார்பன் மோனாக்சைடும் தகட்டுக்கு முன்னால் வரும். துருவைச் சரிசெய்ய ஆண்டுகள் இருக்கின்றன. மூடிய அறையில் புகை திரும்பினால் ஓர் இரவுகூட இல்லை. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பில்ஜில் இறங்கித் தங்கிவிடும். எச்சரிக்கைக் கருவியை வாரந்தோறும் அழுத்திப் பாருங்கள். குளிர் உறைக்கும்போது காற்றுவாரியில் துணி திணிக்காதீர்கள். மற்றபடி பேட்டரியும் சோலார் பலகையும் எவ்வளவு பேசப்பட்டாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடிய பொருள்கள். டீசல் என்ஜினுக்கு 250 மணி நேரத்துக்குள் எண்ணெய் மாற்றி, உறைபனி வருமுன் உறைதடுப்பானைச் சோதித்துவிட்டால் அது உங்களைவிடப் பொறுமையாக உழைக்கும்.

செலவைப் பற்றிய தயக்கம் மிச்சமிருக்கிறது. பிளாக்கிங் சில நூறு பவுண்டிலிருந்து தொடங்கும். துறை வாடகையோ கிரேன் செலவோ சேரும். 2 ஆண்டுக்கு ஒருமுறை இந்தத் தொகை கனமாகத் தெரிவது இயல்பு. மாதந்தோறும் அதன் 24இல் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைப்பவருக்கு அப்படித் தெரியாது. எடுத்து வைக்காதவர் ஒத்திப்போடுவார், 2 ஆண்டு 4 ஆகும். துறையை வசந்தத்துக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள், நல்ல வெயில் வாரங்கள் முதலில் போய்விடும். நிலையான கட்டுமிடம் இல்லாமல் பயணத்திலேயே இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டப்படி அவர்கள் தக்க காரணமின்றி ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. நவம்பரிலிருந்து மார்ச் வரை லாக் பழுதுவேலைகளுக்காகக் கால்வாயின் பகுதிகளை மூடுவார்கள். பதிவு செய்த துறைக்கும் உங்களுக்கும் நடுவே அப்படியொரு லாக் இருக்கிறதா என்பதை மூடல் பட்டியல் வந்ததுமே பார்த்து வழியை வகுத்துக்கொள்ள வேண்டும். மேல்வண்ணம் மங்கியிருக்கிறது, இந்த ஆண்டு அதை அடித்துவிட்டு அடுத்த ஆண்டு அடிப்பகுதியைப் பார்க்கலாம் என்ற எண்ணம் இந்தக் கட்டத்தில்தான் வரும். வண்ணம் மங்கிய படகு இன்னும் 3 ஆண்டு மங்கலாகவே மிதக்கட்டும், பரவாயில்லை.

துறையில் கிடைக்கும் நாள்கள் குறைவு, ஆகவே என்ன செய்யப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீர் வடிந்ததும், பாசி காய்ந்து ஒட்டிக்கொள்வதற்கு முன்னால், அழுத்த நீரால் கழுவ வேண்டும். பிறகு சுரண்டியும் கம்பித்தூரிகையும். அடித்தகடு பக்கங்களைத் தாண்டி ஓரங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பையும், அதை ஒட்டிய பற்றவைப்புக் கோட்டையும் முழு நீளமும் விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் குழி விரலுக்குத் தட்டும். அனோடுகளையும் சுக்கானின் அடித்தாங்கியையும் ப்ரொப்பெல்லர்த் தண்டின் ஆட்டத்தையும் சோதியுங்கள். பூசுவதற்கு முன் மூக்கிலிருந்து வால்வரை இரண்டு பக்கமும் புகைப்படம் எடுத்து, ஆழமான குழிகள் மூக்கிலிருந்து எத்தனை அடியில் இருக்கின்றன என்று ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள்; அடுத்த முறை அதே குழி வளர்ந்ததா என்று தெரிவது அந்த நோட்டால்தான். கடைசிப் பூச்சு காய, டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்கும் மேலாக ஒரு நாள் சேர்த்துக் கொடுங்கள். படகு திரும்ப நீரில் மிதந்ததும் உடனே கிளம்பிவிடாமல் அரை மணி நேரம் அங்கேயே நிறுத்தி, ஸ்டெர்ன் கிளாண்டைப் பாருங்கள், வீட் ஹேட்ச் மூடியைக் கையால் அசைத்துப் பாருங்கள், படிக்கட்டுப் பக்கத்து மூடியைத் திறந்து காகிதத்தால் துடையுங்கள். காகிதம் உலர்ந்து வந்தால் கயிற்றை அவிழ்க்கலாம்.